ஆஸ்பத்திரி ஊழியர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? சதவீதக் கணக்கைச் சரியாகப் படிக்கும் முறை

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவங்க எல்லாருக்கும் வந்துடுச்சு, அங்க போனாலே ஒட்டிக்கும்" என்பது ஒன்று. "அவங்களுக்கு என்ன, கிட் போட்டுக்கிட்டு பத்திரமா இருந்தாங்க, நமக்குத்தான் வந்துச்சு" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே திண்ணையில் ஒரே மாலையில் கேட்கலாம். சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரை வைத்துச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்கு விலை உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. நாட்டின் பல ஊர்களில் நர்ஸுகளை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தப் பயம் முழுக்க, "ஆஸ்பத்திரி ஆள் என்றாலே தொற்று" என்ற ஒரு கணக்கில் இருந்து வந்தது. அந்தக் கணக்கு சரிதானா, எப்படிப் போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. மருத்துவப் படிப்பு எதுவும் வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

மாங்காய் மண்டியில் இருந்து தொடங்கலாம்

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் மண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும், அதில் பெரும்பங்கு மாங்கூழ் ஆலைக்குப் போகும். ஒரு வியாபாரி, "இந்த லோடில் நாற்பது காய் கெட்டுப்போச்சு" என்கிறார். இது பெரிய நஷ்டமா, சின்ன நஷ்டமா?

சொல்ல முடியாது. நூறு காயில் நாற்பது என்றால் லோடே வீண். பத்தாயிரத்தில் நாற்பது என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் மேலே இருக்கும் எண்ணைத் தொகுதி என்றும் கீழே இருக்கும் எண்ணைப் பகுதி என்றும் படித்திருப்போம். செய்திகளில் பெரும்பாலும் மேல் எண் மட்டும் வரும்: "இத்தனை நர்ஸுகளுக்குத் தொற்று." கீழ் எண் வராது.

அடுத்து, கெட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தார்? தோலைப் பார்த்தா, அறுத்துப் பார்த்தா? மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு பிஞ்சிலேயே உள்ளே போய்விடும். காய் வெளியே பளபளவென்று இருக்கும், அறுத்தால்தான் தெரியும். தோலைப் பார்த்து எண்ணியவருக்கும் அறுத்து எண்ணியவருக்கும் ஒரே லோடில் வேறு வேறு எண்ணிக்கை வரும். காலையில் எண்ணினாரா, மூன்று நாள் கழித்து எண்ணினாரா என்பதும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, எத்தனை பேரில், எந்தச் சோதனையில், எந்தத் தேதியில் என்ற மூன்றும் இல்லாமல் வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இனி மாங்காயை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போகலாம்.

எந்தச் சோதனை: ஒரே ஆஸ்பத்திரியில் 2.4, 24.4

தொற்றைக் கண்டுபிடிக்க முக்கியமாக இரண்டு வழி. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டி-பிசிஆர் சோதனை, அந்த நேரத்தில் உடம்பில் வைரஸின் மரபுப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரம் பாசிட்டிவ் காட்டும், சிலருக்கு இன்னும் நீளும். அப்புறம் நெகட்டிவ். இன்னொன்று ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாடி சோதனை. ஒரு வைரஸை உடம்பு ஒருமுறை சந்தித்துவிட்டால், அதை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம்தான் ஆன்டிபாடி. இது வர இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆனால் பல மாதம் தங்கும். முதல் சோதனை இன்று என்ன நடக்கிறது என்று சொல்லும். இரண்டாவது இதுவரை என்ன நடந்தது என்று சொல்லும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் 2020 ஏப்ரல் 24, 25 தேதிகளில் நடந்த ஆய்வு நல்ல உதாரணம். எந்த அறிகுறியும் இல்லாமல் வழக்கம்போல டூட்டிக்கு வந்தவர்களை மட்டும் சோதித்தார்கள். குச்சிச் சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்கள் 2.4 சதவீதம். ஆன்டிபாடி இருந்தவர்கள் 24.4 சதவீதம். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாட்கள், பத்து மடங்கு வித்தியாசம். இரண்டும் உண்மை. ஒரு பத்திரிகை முதல் எண்ணையும் இன்னொன்று இரண்டாவதையும் போட்டால், படிக்கிறவர்கள் யாரோ ஒருவர் மறைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேரிடம் தொற்றோ அதன் தடயமோ இருக்கிறது என்பதைப் 'பரவல் அளவு' என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலகட்டத்தில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பதைப் 'புதுத்தொற்று வீதம்' என்போம். பரவல் அளவு ஒரே ஒரு நாள் சோதித்தாலே கிடைக்கும். புதுத்தொற்று வீதத்துக்கு அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், அதனால் அரிதாகத்தான் கிடைக்கிறது.

அறிகுறி வந்தவர்களை மட்டும் சோதித்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். பல நாடுகளின் 97 ஆய்வுகளை, 2,30,398 ஊழியர்களின் தகவலை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, குச்சிச் சோதனையில் பாசிட்டிவ் ஆனவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கண்டுபிடிக்கும் நேரத்தில் அறிகுறியே இல்லை. காய்ச்சல் வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆஸ்பத்திரி, பத்தில் நான்கு பேரைத் தவறவிடும் என்று அர்த்தம். அதே சமயம் இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. ஆஸ்பத்திரி ஊழியருக்கு லேசாகத் தொண்டை கரகரத்தாலும் சோதனை எடுப்பார்கள். பென்னாகரம் பக்கத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர் மூன்று நாள் காய்ச்சலோடு கஷாயம் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். இப்படித் தேடினவர்களிடம் மட்டும் கிடைப்பதால், ஆஸ்பத்திரியில்தான் அதிகம் என்று தோன்றும்.

எந்தத் தேதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மே தொடக்கம் வரை தமிழ்நாட்டில் தொற்றே பதிவாகாமல் இருந்த கடைசி மாவட்டம் கிருஷ்ணகிரி. பச்சை மண்டலம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஏப்ரலில் இங்குள்ள ஆஸ்பத்திரி ஊழியர்களைச் சோதித்திருந்தால் அநேகமாகப் பூஜ்யம்தான் வந்திருக்கும். அந்தப் பூஜ்யத்துக்கும் முகக்கவசத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஊருக்குள் வைரஸே இன்னும் நுழையவில்லை, அவ்வளவுதான். ஓசூர் வழியாக பெங்களூரு போக்குவரத்து திரும்பத் தொடங்கி, 2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா என்ற உருமாறிய வைரஸின் அலை அடித்தபோது நிலைமையே வேறு. ஒரு ஆஸ்பத்திரியின் 2020 எண்ணையும் இன்னொன்றின் 2021 எண்ணையும் பக்கத்தில் வைத்து "அவர்கள் ஒழுங்கு, இவர்கள் அசட்டை" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

21 சதவீதமும் 25 சதவீதமும்: பார்க்க ஒன்று, பொருள் வேறு

2003-இல் சார்ஸ் என்ற நோய் பரவியது. கொரோனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். உலகம் முழுக்க 8,098 பேருக்கு வந்தது, 774 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் 1,707 பேர், அதாவது 21 சதவீதம், மருத்துவப் பணியாளர்கள்.

2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்து ஆன்டிபாடி பார்த்தது. அதில் மருத்துவப் பணியாளர்களிடம் கிடைத்தது 25.6 சதவீதம்.

இரண்டையும் பார்த்து "ஏறக்குறைய ஒரே அளவு" என்று தோன்றுகிறதா? சதவீதத்தின் கீழ் எண்ணைக் கவனியுங்கள். சார்ஸ் கணக்கில் கீழே இருப்பது நோயாளிகள்: நூறு நோயாளிகளில் 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். இந்தியக் கணக்கில் கீழே இருப்பது ஊழியர்கள்: நூறு ஊழியர்களில் 25 பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. இரண்டையும் ஒப்பிடவே முடியாது. கொரோனா நோயாளிகளில் எத்தனை பேர் ஊழியர்கள் என்று கேட்டால், ஊரில் நோய் பரவப் பரவ அந்தச் சதவீதம் தானாகக் குறையும். ஊழியர்களுக்கு வருவது குறைந்ததால் அல்ல, வெளியே வருவது கூடியதால்.

சார்ஸில் ஊழியர்கள் பங்கு அவ்வளவு பெரியதாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சார்ஸ் நோயாளி நன்றாக முடியாமல் படுத்த பிறகுதான் அதிகமாகப் பரப்பினார். முடியாமல் படுப்பவர் எங்கே இருப்பார்? ஆஸ்பத்திரியில். ஆகவே அது ஆஸ்பத்திரியைச் சுற்றியே பரவிய நோய். கோவிட் அப்படி இல்லை. அறிகுறி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருப்பார், சந்தையில் இருப்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் இருப்பார். இந்த ஒரு குணம்தான், அடுத்து வரப்போகிற எண்களைப் புரிந்துகொள்ள உதவும்.

வெளியே இருந்தவர்களைவிட அதிகமா?

மேலே சொன்ன அதே இந்தியக் கணக்கெடுப்பில் பொதுமக்களிடம் ஆன்டிபாடி எவ்வளவு இருந்தது தெரியுமா? 24.1 சதவீதம். ஊழியர்களுக்கு 25.6. கிட்டத்தட்ட சமம்.

முதல் அலை முடிந்த பிறகு, தடுப்பூசி வருவதற்கு முன்னால் அல்லது வந்த முதல் நாட்களில் எடுத்த கணக்கு இது (தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத்தான் முதலில் போடத் தொடங்கினார்கள்). நாள் முழுக்க நோயாளிகளோடு இருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. எனக்கு இது வியப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது. ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆபத்து அதிகம், பாதுகாப்பும் அதிகம், இரண்டும் ஒன்றை ஒன்று பெருமளவு சரிக்கட்டியிருக்கின்றன என்று படிப்பதுதான் பொருத்தம்.

அடுத்த கணக்கெடுப்பு 2021 ஜூன், ஜூலையில். பொதுமக்களில் 67.6 சதவீதம், மருத்துவப் பணியாளர்களில் 85.2 சதவீதம். "பார்த்தாயா, ஆஸ்பத்திரியில்தான் அதிகம்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. அதற்குள் ஊழியர்களில் பத்தில் ஒன்பது பேர் தடுப்பூசி போட்டிருந்தார்கள். தடுப்பூசியும் ஆன்டிபாடியை உண்டாக்கும். ஆகவே 85.2 என்பது தொற்றும் ஊசியும் கலந்த எண்.

சில சோதனைகள் இதைப் பிரித்துக் காட்டும். கோவிஷீல்டு தடுப்பூசி, வைரஸின் முள்முனைப் புரதத்துக்கு (வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) மட்டும் ஆன்டிபாடி தரும், ஆகவே வேறு வைரஸ் புரதத்துக்கு ஆன்டிபாடி இருந்தால் தொற்று வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கோவாக்சின் என்ற இன்னொரு தடுப்பூசி போட்டவர்களிடம் இந்த வழி கைகொடுக்காது. அது முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது, மற்ற புரதங்களுக்கும் ஆன்டிபாடி வரும். 2021 ஜனவரிக்குப் பிறகான எந்த ஆன்டிபாடி எண்ணைப் பார்த்தாலும் "ஊசியையும் சேர்த்தா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். கீழ் எண்ணில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குச்சிச் சோதனை இன்றையதைச் சொல்லும், ரத்தச் சோதனை இதுவரையானதைச் சொல்லும், ஊசியும் அதில் கலக்கும். ஊரில் அலை எந்த நிலையில் இருந்த தேதி என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாகப் பார்த்தால், முதல் அலையில் இந்திய மருத்துவப் பணியாளர்களின் அளவு வெளியே இருந்தவர்களை ஒட்டியே இருந்தது.

ஆனால் எல்லா ஊழியரும் ஒன்றல்ல

சராசரி சமமாக இருந்தது என்று நிம்மதியாக உட்கார முடியாது. சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் முக்கியம்.

ஆஸ்பத்திரி ஊழியர் என்றதும் நம் மனதில் வருவது டாக்டரும் நர்ஸும். பதிவேட்டைத் திறந்தால் லேப் டெக்னீசியன், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர், சீட்டு எழுதுபவர், வாட்ச்மேன், சமையல் கட்டு ஆள், 108 வண்டி டிரைவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், தூய்மைப் பணியாளர் எல்லாரும் இருப்பார்கள். கடைசியில் சொன்ன சிலர் அந்தப் பதிவேட்டிலேயே இருக்க மாட்டார்கள், ஒப்பந்த நிறுவனத்தின் பட்டியலில் இருப்பார்கள்.

பர்மிங்காம் ஆய்வில் துறைவாரியாக ஆன்டிபாடியைப் பிரித்துப் பார்த்தார்கள். யாரிடம் அதிகம் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலோர் ஐசியு என்பார்கள். வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அல்லவா?

தூய்மைப் பணியாளர்களிடம்தான் அதிகம்: 34.5 சதவீதம். அதற்கு அடுத்து அவசர உள்நோயாளி மருத்துவப் பிரிவு, 33 சதவீதம். பொது மருத்துவப் பிரிவு, 30 சதவீதம். ஐசியுவில் 14.8 சதவீதம் மட்டுமே.

ஏன் இப்படி? ஐசியுவில் இருப்பவர்களுக்கு எதிரே இருப்பவர் கோவிட் நோயாளி என்று தெரியும். இறுக்கமான, சின்னத் துகளையும் வடிகட்டும் முகக்கவசம் போட்டிருப்பார்கள், உள்ளே போகும் முறையும் வெளியே வந்து உடை கழற்றும் முறையும் எழுதி ஒட்டியிருக்கும். இன்னொன்று, ஐசியுவுக்கு வரும் நோயாளி பெரும்பாலும் நோயின் இரண்டாவது வாரத்தில் வருவார். பரப்பும் வேகம் அதிகமாக இருக்கும் முதல் நாட்கள் அதற்குள் தாண்டியிருக்கும். பொது வார்டில் "சர்க்கரை கூடிப்போச்சு" என்று சேர்ந்தவருக்கு உள்ளுக்குள் கோவிட் தொடங்கியிருக்கும். யாருக்கும் தெரியாது. அவருடைய படுக்கையைத் தட்டி விரிப்பை மாற்றுகிறவர், கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்குகிறவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினரை "கொஞ்சம் எந்திரிங்க" என்று நகர்த்திவிட்டுத் துடைக்கிறவர் யார்? ஒரு டாக்டர் ஒரு படுக்கை அருகில் நிற்கும் நேரத்தைவிட இவர் அந்த வார்டில் இருக்கும் நேரம் மிக அதிகம். ஒரு ஷிஃப்டில் இரண்டு மூன்று வார்டுக்கும் போவார். கையில் இருப்பது சாதாரண மாஸ்க்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆஸ்பத்திரிகளில் 10,034 ஊழியர்களிடம் நடந்த ஆய்விலும் வேலைவாரியாகப் பார்த்தால் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், தூய்மைப் பணியாளர்கள் இருவரையும் சேர்த்த பிரிவில்தான் அதிகம், 18.6 சதவீதம். மொத்தச் சராசரி 11.2. அதே ஆய்வில் கோவிட் வார்டில் வேலை செய்தவர்களுக்கு 22.6 சதவீதம், மற்ற இடங்களில் 8.6 சதவீதம் என்றும் வந்தது. ஆக, கோவிட் வார்டில் ஆபத்து இல்லை என்று சொல்ல வழியில்லை. இருக்கிறது. ஆனால் அந்த ஆய்விலேயே இவை எல்லாவற்றையும்விட மேலே நின்றது ஒன்று: வீட்டில் ஒருவருக்கு உறுதியான தொற்று இருந்த ஊழியர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு வந்திருந்தது.

வீட்டில் யாரும் என்-95 போட்டுக்கொண்டு சோறு பரிமாற மாட்டார்கள்.

காற்று, நேரம், முகக்கவசம்

இப்போது இதன் உள்ளே நடப்பது என்ன என்று பார்க்கலாம். பேசும்போதும் இருமும்போதும் மூச்சு விடும்போதும் வாயில் இருந்தும் மூக்கில் இருந்தும் துளிகள் வருகின்றன. பெரியவை சீக்கிரம் கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றில் மிதக்கும். மிதக்கும் இந்த நுண்துளிகளை 'ஏரோசால்' என்பார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் இவை சேர்ந்துகொண்டே போகும். ஒருவர் எவ்வளவு உள்ளே இழுக்கிறார் என்பதைத் தீர்மானிப்பவை: அறையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறார், முகத்தில் என்ன இருக்கிறது. இந்த மூன்றும்தான்.

இதை வைத்து ஒரு ஊழியரின் பன்னிரண்டு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். கிட் போட்டுக்கொண்டு வார்டில் இருந்த நேரம் பாதுகாப்பாகவே போயிருக்கும். வேர்த்து நனைந்து, உள்ளே தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வருகிறார். உடையைக் கழற்றும் அந்தச் சில நிமிடம் கவனம் தப்பும் நேரம், ஏனென்றால் களைப்பு. அப்புறம் சாப்பாட்டு அறை. பல பழைய கட்டடங்களில் அது ஒரு சின்ன அறை: ஒரு மேசை, நாலு நாற்காலி, மேலே ஃபேன், ஜன்னல் இருந்தும் அதன் முன்னால் பீரோ. எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள், கழற்றாமல் சாப்பிட முடியாது. ஒருவர் கொண்டுவந்த களியையும் கீரைக்குழம்பையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அரை நாளாக அடக்கி வைத்த பேச்சு அங்கேதான் நடக்கும். எதிரே இருப்பவர் நோயாளி அல்ல, தன்னோடு வேலை செய்யும் ஆள். ஆகவே பயம் இல்லை. அறிகுறி வருவதற்கு முந்தைய நாளில் இருக்கும் ஒருவர் அந்த மேசையில் இருந்தால் போதும்.

அதனால்தான் ஆஸ்பத்திரி ஊழியருக்குத் தொற்று வந்தால் அது நோயாளியிடம் இருந்துதான் வந்தது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. நோயாளி, சக ஊழியர், வீடு, ஊர் என நான்கு வழி உண்டு. பாலக்கோட்டில் இருந்தோ அரூரில் இருந்தோ பஸ் ஏறி டூட்டிக்கு வருகிறவருக்கு, பஸ்ஸும் ஒரு வழிதான்.

கண்ணையும் சொல்ல வேண்டும். சென்னையில் 2020 மே, ஜூன் மாதங்களில் நடந்த ஒரு சிறிய ஆய்வு இது. வீடு வீடாகப் போய் ஆலோசனை சொன்ன களப்பணியாளர்கள் 62 பேர், மூன்றடுக்கு மாஸ்க், கையுறை எல்லாம் அணிந்து 5,880 வீடுகளுக்குப் போனார்கள். அந்த வீடுகளில் பிறகு 222 பேருக்குத் தொற்று தெரியவந்தது. பணியாளர்களில் 12 பேருக்கு வந்துவிட்டது. அதன் பிறகு முகம் முழுக்க மறைக்கும் பிளாஸ்டிக் கேடயம் கொடுத்தார்கள். அடுத்த கட்டத்தில் 50 பேர் 18,228 வீடுகளுக்குப் போனார்கள், அங்கே 2,682 பேருக்குத் தொற்று இருந்தது. பணியாளர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஆட்கள் குறைவு, முன்பு-பின்பு என்று மட்டும் ஒப்பிட்டது, இடையில் அனுபவமும் கூடியிருக்கும். ஆகவே கேடயம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கண் வழியையும் முகத்தில் தெறிப்பதையும் அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைத்த தடயம் இது.

சுருக்கமாக: பதவியைவிட, தெரியாத நோயாளியோடு, மூடிய அறையில், எவ்வளவு நேரம், என்ன முகக்கவசத்தோடு இருந்தார் என்பதே தொற்றைத் தீர்மானித்தது.

"வந்தவர்களில் பாதிப்பேர் ஊசி போட்டவர்கள்தானே?"

நம் ஊரில் பெரிய வைத்தியம் என்றால் பஸ் ஏறிப் போகும் இடங்களில் வேலூர் சிஎம்சியும் ஒன்று. அங்கே டெல்டா அலையின்போது கிடைத்த ஊழியர் கணக்கு, சதவீதம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல பாடம்.

மொத்த ஊழியர்கள் சுமார் 10,600. 2021 பிப்ரவரி 21 முதல் மே 19 வரை தொற்று உறுதியானவர்கள் 1,350. இரண்டு டோஸும் முழுமையாகப் போட்டவர்கள் 7,080 பேர், அவர்களில் தொற்று வந்தவர்கள் 679.

இப்போது ஒருவர், "1,350 பேரில் 679 பேர், அதாவது பாதிப்பேர், ஊசி போட்டவர்கள். அப்புறம் ஊசி எதற்கு?" என்று கேட்கலாம். கேட்டார்கள், வாட்ஸப்பில் இந்த மாதிரிக் கேள்விகள் சுற்றின. வகுத்தல் சரி. கீழ் எண் தவறு.

நாம் அறிய வேண்டியது, ஊசி போட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்பது. 7,080-இல் 679 என்றால் 9.6 சதவீதம். ஊசியே போடாதவர்கள் சுமார் 1,600 பேர், அவர்களில் தொற்று வந்தது சுமார் 27 சதவீதம். அதாவது ஊசி போட்டவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆஸ்பத்திரியில் சேரும் நிலை 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவை 92 சதவீதமும், ஐசியு தேவை 94 சதவீதமும் குறைந்தன. அந்தக் காலத்தில் இறந்த ஒரே ஊழியர் வேறு நோய்கள் இருந்தவர், ஊசி போடாதவர்.

பாதிப்பேர் ஊசி போட்டவர்கள் என்று வந்ததற்குக் காரணம், அங்கே பெரும்பாலோர் ஊசி போட்டிருந்ததுதான். எல்லாருமே போட்டிருந்தால் தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டவர்களாக இருப்பார்கள், அதே சமயம் தொற்று மிகக் குறைவாக இருக்கும்.

கீழ் எண் மட்டுமல்ல, மேல் எண்ணே சரியாகத் தெரியாமல் போவதும் உண்டு. உலக அளவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மருத்துவப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 பேர் வரை கோவிட்டால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஒரு லட்சம் உயிர் வித்தியாசம். பல நாடுகளில் இறந்தவர் ஆஸ்பத்திரி ஊழியரா என்று பதிவே செய்யவில்லை, அதனால்தான் இவ்வளவு பெரிய இடைவெளி.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் எண்ணினால்

அடுத்த முறை இப்படி ஒரு நோய் வந்தால், ஒரு தாலுகா ஆஸ்பத்திரியோ ஆரம்ப சுகாதார நிலையமோகூட இதை எண்ண முடியும். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒழுங்கான ஒரு நோட்டு வேண்டும்.

முதல் பக்கத்தில் வளாகத்துக்குள் வேலை செய்யும் எல்லாருடைய பெயரும். எல்லாரும் என்றால், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன், கேன்டீன் ஆள், நர்சிங் மாணவிகள் உட்பட. மாதச் சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுதினால் அதிக ஆபத்தில் இருப்பவர்களே விடுபட்டுப்போவார்கள். கீழ் எண்ணிலும் இருக்க மாட்டார்கள், மேல் எண்ணிலும் இருக்க மாட்டார்கள், சதவீதம் அழகாகக் குறைந்து தெரியும். பெயருக்கு எதிரே என்ன வேலை, எந்த வார்டு, எந்த ஊரில் இருந்து எப்படி வருகிறார், வீட்டில் யாருக்காவது தொற்று உண்டா, ஊசி போட்ட தேதி. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் சோதனை. எந்தச் சோதனை என்பதையும் தேதியையும் எழுத வேண்டும். சில வாரம் கழித்து அதே ஆட்களுக்குத் திரும்பவும் சோதனை. இடையில் வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை அடிக்காமல், போன தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் முடியாமல் போய் நின்றவர்கள் அவர்களில் இருக்கலாம்.

பாசிட்டிவ் வருகிறவருக்குச் சம்பளம் பிடிக்காத விடுப்பு உண்டு என்று சோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தினக்கூலிக்கு வரும் ஒருவர், பாசிட்டிவ் வந்தால் பதினாலு நாள் கூலி போய்விடும் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் டூட்டிக்கு வராமல் இருந்துவிடுவார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தை நெகட்டிவ் என்று எண்ணக் கூடாது.